நெற்களஞ்சியக் கதவில் ஓர் எண்: மைக்ரோகொன்ட்ரோலருடன் டிஸ்பிளே இணைக்கும்போது எது ஏன் பிசகுகிறது

பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சில் களஞ்சியத்துக்கு வந்து சேர்கிறது. சரியாகக் காயாத மூட்டைகள் அடுக்கின் நடுவில் அகப்பட்டுக்கொண்டால் பூஞ்சணமும் வண்டும் பெருகி அந்த இடம் மெல்ல மெல்லச் சூடேறும். வெளிப்பக்க மூட்டையைத் தொட்டுப் பார்த்து அதை அறிய முடியாது. அடுக்குக்குள் வெப்பநிலை உணரிகளைச் செருகி, கதவடியில் எண்ணைக் காட்டும் ஒரு சிறு கருவி செய்தால் என்ன என்ற யோசனை கிழக்கிலங்கையின் சம்மாந்துறையிலோ படுவான்கரையிலோ வளர்ந்து மின்னணுவியல் பழகுகிற எவருக்கும் வரக்கூடியது. ஒலுவிலில் பொறியியல் படிக்கும் மாணவருக்கும் சரி, வீட்டு மேசையில் தானாகப் பழகுபவருக்கும் சரி, முதல் மாதிரிக் கருவிக்கு இது நல்ல தொடக்கம்.

மைக்ரோகொன்ட்ரோலர், அதாவது புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு கணினிச் சிப், உணரியை வாசிப்பது இதில் இலகுவான பகுதி. டிஸ்பிளேதான் ஆளை மறிக்கிறது. வயரைப் பொருத்தி, இணையத்தில் கிடைத்த புரோகிராமை ஏற்றியதும் திரை ஒன்றும் காட்டாமல் நிற்கும். உடனே வேறொரு லைப்ரரி (ஆயத்தமாக எழுதிவைத்த நிரல் தொகுப்பு), வேறொரு புரோகிராம் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். பிழை பெரும்பாலும் புரோகிராமில் இருப்பதில்லை. ஒரு டிஸ்பிளே இயங்குவதற்கு மூன்று விடயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவர வேண்டும்: போதிய மின்சாரம், இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும் சமிக்ஞை வோல்ற்றளவு, திரைக்குப் பின்னால் இருந்து அதை இயக்கும் டிரைவர் சிப்புக்கு உரிய கட்டளைகள். இந்த வரிசையை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து தொடங்கினால், முதல் இரண்டில் உள்ள பிழை கண்ணுக்குப் படாமலே கிடக்கும்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது எந்த டிஸ்பிளேயை வாங்குவது என்ற முடிவு.

முதலில் தூரம், பிறகு டிஸ்பிளே

விலை குறைவு, பாடங்களில் அடிக்கடி வருகிறது என்பதற்காகப் பலர் முதலில் வாங்குவது 0.96 அங்குல ஓலெட் (புள்ளிகள் தாமே ஒளிரும் சிறு திரை). பழகுவதற்கு அது மிக நல்லது: நாலு வயர், கூர்மையான எழுத்து, ஏறத்தாழ 20 மில்லிஅம்பியர் மின்னோட்டம். ஆனால் அதன் ஒளிரும் பகுதி 21.7 மில்லிமீற்றர் அகலம், 10.9 மில்லிமீற்றர் உயரம், அவ்வளவுதான். அந்த உயரத்துக்குள் 64 புள்ளி வரிசைகள் அடங்குவதால் ஒரு புள்ளி 0.17 மில்லிமீற்றர். வழக்கமான சிறிய எழுத்து 7 புள்ளி உயரம், அதாவது 1.2 மில்லிமீற்றர். எழுத்தின் உயரத்தை 200 ஆல் பெருக்கினால் அதை வசதியாக வாசிக்கக்கூடிய தூரம் கிடைக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. இங்கே விடை கால் மீற்றருக்கும் குறைவு. களஞ்சியக்காரர் தலையைக் குனிந்து மூக்கை ஒட்டித்தான் பார்க்க வேண்டும்.

அதே கணக்கை மற்றவற்றுக்கும் போட்டுப் பாருங்கள். 16 எழுத்து, 2 வரி கொண்ட எல்சிடியில் ஓர் எழுத்து 5.5 மில்லிமீற்றர் உயரம். ஒரு மீற்றரிலிருந்து வாசிக்கலாம். 0.56 அங்குல ஏழு துண்டு எல்இடி எண் (ஏழு ஒளிக்கோடுகளால் அமைவது) 14 மில்லிமீற்றர் உயரம். ஏறத்தாழ 2.8 மீற்றர் தள்ளி நின்றும் தெரியும். வண்ணத் திரை வாங்கினால் கருவி பெறுமதியாகத் தோன்றும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் 2.8 அங்குல டிஎஃப்டி வண்ணத் திரையின் ஒரு புள்ளியும் 0.18 மில்லிமீற்றர்தான். அதில் பெரிய எண்களை வரைந்து தூரத்தைக் கூட்டலாம். வெளிச்சத்தைக் கூட்ட முடியாது. பின்னொளியில் இயங்கும் சாதாரண டிஎஃப்டி நேர் வெயிலில் கறுத்த கண்ணாடியாகத்தான் தெரியும். ஓலெட்டும் அப்படியே.

வெயிலில் மிக அழகாகத் தெரிவது மின்தாள் திரை. மின்சாரத்தை நிறுத்தினாலும் படம் அப்படியே நிற்கும். பற்றரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதன் வழக்கமான இயங்கு எல்லை 0 முதல் 50 பாகை செல்சியஸ். முழுத் திரையை மாற்ற ஏறத்தாழ 2 விநாடி எடுக்கும், அப்போது கறுப்பு வெள்ளையாகப் பல தடவை மின்னும். அடிக்கடி மாற்றினால் ஆயுள் குறையும் என்பதால் 3 நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்ற வேண்டாம் என்று அதைச் செய்பவர்களே சொல்கிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் மூடிய பெட்டிக்குள் 50 பாகை ஒன்றும் நடக்காத காரியம் அல்ல.

ஆகவே களஞ்சியக் கதவுக்கு எமது தெரிவு சிவப்பு ஏழு துண்டு எண்கள்தான்: டிஎம்1637 சிப் உள்ள, 0.56 அங்குல, நாலு இலக்க மொடியூல் இரண்டு. ஒன்றில் அடுக்கின் உச்ச வெப்பநிலை, மற்றதில் காற்றின் ஈரப்பதம். பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் மூட்டை தூக்கிக்கொண்டு வருபவர் நிற்காமலே வாசித்துவிட்டுப் போகலாம். ஓலெட்டை மேசையில் வைத்துப் பிழை தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வாங்குவது, எங்கே இணைப்பது

இந்த மாதிரிக் கருவிக்கு வேண்டியவை: ஈஎஸ்பி32 போர்ட் (வைஃபை உள்ள மைக்ரோகொன்ட்ரோலர்) 1, மேற்சொன்ன எண் மொடியூல் 2, உருக்கு உறையிட்ட டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி 3, எஸ்எச்டி31 ஈரப்பத உணரி 1, 4.7 கிலோஓம் தடையி 1, 470 மைக்ரோபரட் கொள்ளளவி 1, 100 நனோபரட் கொள்ளளவி 2, 5 வோல்ற் 2 அம்பியர் அடப்டர் 1. டிஸ்பிளேயில் மட்டும் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பவருக்கு ஒரு மொடியூல் பழுதானால் அடுத்தது வரும்வரை வேலை நின்றுவிடும். அதைவிட, ஒன்று வேலை செய்யாதபோது அதே இடத்தில் மற்றதை மாட்டிப் பார்ப்பதே மிக விரைவான சோதனை.

டிஎம்1637 இன் இரண்டு வயர்கள் ஐ-டூ-சி (இரண்டு வயரில் பல சிப்களை முகவரியால் அழைக்கும் இணைப்பு முறை) போலத் தோன்றும். ஆனால் அதற்கு முகவரி கிடையாது. அதனால் இரண்டு மொடியூல்களை ஒரே சோடி வயரில் போட்டால் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். கடிகார வயரைப் பொதுவாக வைத்து, தரவு வயரைத் தனித்தனியாக எடுங்கள்: ஈஎஸ்பி32 இன் 18 ஆம் பின்னில் (இணைப்புக் காலில்) பொதுக் கடிகாரம், 19 இல் முதல் மொடியூலின் தரவு, 23 இல் இரண்டாவதன் தரவு. ஈரப்பத உணரி 21, 22 ஆம் பின்களில் ஐ-டூ-சியாக வரும். மூன்று வெப்பநிலை உணரிகளும் ஒரே தரவு வயரில் 4 ஆம் பின்னுக்கு வரலாம், ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட தனி 64 பிற் இலக்கம் உண்டு. அந்தத் தரவு வயருக்கும் 3.3 வோல்ற்றுக்கும் இடையே 4.7 கிலோஓம் தடையி.

பின்களைத் தெரிவுசெய்யும்போது ஈஎஸ்பி32 இல் சில பொறிகள் உள்ளன. 6 முதல் 11 வரையானவை உள்ளிருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு உரியவை, தொடக்கூடாது. 34 முதல் 39 வரையானவை உள்ளீட்டுக்கு மட்டும். அவற்றில் டிஸ்பிளேயை மாட்டினால் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் திரை வெறுமையாகவே இருக்கும். 12 ஆம் பின்னை இயங்கத் தொடங்கும் நொடியில் வெளியிலிருந்து ஏதாவது உயர்த்திப் பிடித்தால், ஃபிளாஷின் வோல்ற்றளவை 1.8 என்று தவறாக எடுத்துக்கொண்டு போர்ட் தொடங்கவே தொடங்காது. டிஸ்பிளேயைக் கழற்றினால் இயங்குகிறது, மாட்டினால் இயங்கவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பொருட்கள் வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வொக்வி என்ற இணையப் பாவனையாக்கியில் ஈஎஸ்பி32, டிஎம்1637, ஓலெட், எல்சிடி எல்லாம் உண்டு. புரோகிராமின் பெரும்பகுதியை அங்கேயே எழுதி முடிக்கலாம். ஆனால் அடுத்த பகுதியில் வரும் பிழைகளில் ஒன்றையும் அது காட்டித் தராது.

3.3 உம் 5 உம்

பழகுபவர்களின் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்ட் (இங்கே ஊனோ என்றால் அதுதான்) 5 வோல்ற் சமிக்ஞை தரும். ஈஎஸ்பி32 தருவது 3.3 வோல்ற், அதன் பின்கள் 5 வோல்ற்றைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. டிஸ்பிளேக்களும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. 16 எழுத்து எல்சிடிக்கு 5 வோல்ற் வேண்டும். சிப் குறைந்த வோல்ற்றிலும் ஓடும் என்றாலும் கண்ணாடியில் எழுத்து கறுக்க அந்த அழுத்தம் தேவை. வண்ண டிஎஃப்டிகளில் வரும் ஐஎல்ஐ9341, எஸ்டி7735 சிப்களின் சமிக்ஞைப் பின்கள் 3.3 வோல்ற்றுக்கு உரியவை.

இங்கே பலரை ஏமாற்றுவது டிஎஃப்டி போர்டின் பின்புறத்தில் இருக்கும் ரெகியுலேற்றர் (வோல்ற்றளவைக் குறைத்து நிலைப்படுத்தும் சிப்). விசிசி (மின்வழங்கல்) பின்னுக்கு 5 வோல்ற் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கும், அது உண்மைதான். அந்த ரெகியுலேற்றர் மின்வழங்கலை மட்டுமே 3.3 ஆகக் குறைக்கிறது. சமிக்ஞை வயர்கள் நேராகச் சிப்புக்குப் போகின்றன. ஊனோவின் 5 வோல்ற் பின்களை அங்கே நேராக இணைத்தால் சில மொடியூல்கள் வெள்ளைத் திரையாக நிற்கும், சில கொஞ்சக் காலம் ஓடிப் பிறகு கெடும். இரண்டாவது நிலைதான் ஆபத்தானது, ஏனெனில் வயரிங் சரி என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடும். தீர்வு மலிவானது. ஒவ்வொரு சமிக்ஞை வயரிலும் 1 கிலோஓம், 2 கிலோஓம் தடையிகளால் ஒரு பிரிப்பான் போட்டால் 5 வோல்ற் 3.3 ஆகும். அல்லது 3.3 வோல்ற்றில் இயக்கப்படும் சிடி4050 சிப் ஒன்று ஆறு வயர்களையும் பார்த்துக்கொள்ளும். இந்தத் திரைகளின் எஸ்பிஐ என்ற தரவு இணைப்புக்கு வேகம் அதிகம் என்பதால் பிரிப்பானுக்கு 10, 20 கிலோஓம் போன்ற பெரிய தடையிகளைப் போடாதீர்கள், சமிக்ஞையின் விளிம்பு மழுங்கிவிடும்.

மறுபக்கத் தவறு, எல்சிடியின் முதுகில் வரும் பிசிஎஃப்8574 ஐ-டூ-சி போர்டை 5 வோல்ற்றில் இயக்கி ஈஎஸ்பி32 உடன் நேராக இணைப்பது. அந்தப் போர்டில் இருக்கும் இழு-தடையிகள் இரண்டு வயர்களையும் 5 வோல்ற்றுக்கு இழுத்துப் பிடிக்கும். ஈஎஸ்பி32 இன் பின்னில் அது வந்து இறங்கும். பிசிஎஃப்8574 சிப்போ தன் வழங்கலின் 0.7 பங்கை, அதாவது 3.5 வோல்ற்றை, உயர் சமிக்ஞையாகக் கேட்கிறது. இந்த இணைப்பு மேசையில் ஓடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். மேசையில் ஓடுவது வேறு, விற்பனைக்குப் போகும் கருவியில் ஓராண்டு ஓடுவது வேறு. பிஎஸ்எஸ்138 டிரான்சிஸ்டர் உள்ள இருவழி மட்டமாற்றிப் போர்ட் ஒன்றை நடுவில் வையுங்கள்.

எமது களஞ்சியக் கருவியில் டிஎம்1637 மொடியூல்களை 3.3 வோல்ற்றிலேயே இயக்குங்கள். ஒளி சற்றுக் குறையும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கும். 8 ஒளி நிலைகள் இருப்பதால் உச்ச நிலைக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

மின்சாரம் போதாமையும் வெறுமையான திரையாகவே வெளிப்படும். ஊனோவின் 3.3 வோல்ற் பின் 50 மில்லிஅம்பியருக்கு மேல் தராது, ஒரு டிஎஃப்டியின் பின்னொளியே அதைத் தாண்டலாம். பின்னொளியை மைக்ரோகொன்ட்ரோலரின் பின்னிலிருந்து நேராக ஏற்றுவதும் தவறு, நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். ஊனோவுக்கு 12 வோல்ற் அடப்டர் கொடுத்து, எல்லாம் சேர்ந்து 0.15 அம்பியர் எடுத்தால், 7 வோல்ற் வித்தியாசம் முழுவதும் வெப்பமாகும்: 1 வாற்றுக்கும் மேல், அந்தச் சின்ன ரெகியுலேற்றரில். கை வைக்க முடியாது. ஈஎஸ்பி32 வைஃபை அனுப்பும் கணத்தில் சில நூறு மில்லிஅம்பியர் இழுக்கும். அப்போது மெல்லிய யூஎஸ்பி வயரில் வோல்ற்றளவு சரிந்து போர்ட் மீண்டும் மீண்டும் தொடங்கும், திரை மின்னி மின்னி அணையும். 470 மைக்ரோபரட் கொள்ளளவியைப் போர்டின் 5 வோல்ற் நுழைவிலும், 100 நனோபரட்டை ஒவ்வொரு டிஸ்பிளே மொடியூலின் அருகிலும் வைப்பது இதற்காகத்தான்.

வெறுமையான திரை என்ன சொல்கிறது

திரை ஒன்றும் காட்டாதபோது கணினியை விட்டு எழும்பி மல்டிமீட்டரை எடுங்கள். அளக்க வேண்டிய இடம் டிஸ்பிளேயின் சொந்தப் பின்கள். மைக்ரோகொன்ட்ரோலர் பக்கம் 5 வோல்ற் இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது, இடையில் இருக்கும் ஜம்பர் வயர்தான் சந்தேகத்துக்கு உரியது. பிறகு ஐ-டூ-சியின் இரண்டு வயர்களையும் அளந்து பாருங்கள். ஒன்றும் நடக்காத நேரத்தில் இரண்டும் உயர்ந்த நிலையில், வழங்கலின் வோல்ற்றளவுக்கு அருகில் நிற்க வேண்டும். சுழியம் காட்டினால் இழு-தடையி இல்லை, அல்லது எங்கோ குறுக்குச் சுற்று. மொடியூலுடன் தனியாக வரும் பின் வரிசையைச் சோல்டர் பிடிக்காமல் துளையில் செருகி வைத்திருப்பதும் மிக அடிக்கடி நடப்பது. அழுத்திப் பிடித்தால் எழுத்து வரும், விட்டால் போகும்.

அதன் பிறகு திரையின் தோற்றத்தைப் பாருங்கள், வகைக்கு வகை அது வேறு. எல்சிடியில் பின்னொளி எரிந்து எழுத்து இல்லை என்றால், பின்னால் இருக்கும் நீலநிறக் கொன்ட்ராஸ்ட் திருகியைச் சிறு திருப்புளியால் மெதுவாகத் திருப்புங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை அங்கேயே தீரும். மேல் வரியில் மட்டும் நிரம்பிய கட்டங்கள் தெரிந்தால் மின்சாரமும் கொன்ட்ராஸ்டும் சரி, கட்டளை போய்ச் சேரவில்லை. முகவரி பிழையாக இருக்கலாம்: பிசிஎஃப்8574 சிப் என்றால் வழக்கமாகப் பதினறும எண்ணில் 27, பெயரின் கடைசியில் ஏ சேர்ந்த சிப் என்றால் 3எஃப். ஐ-டூ-சி ஸ்கேனர் என்ற சிறு புரோகிராம் எல்லா முகவரியையும் தட்டிப் பார்த்து எது பதில் சொல்கிறது என்று காட்டும். வேறெதையும் ஏற்றுவதற்கு முன் அதை ஏற்றுங்கள்.

ஓலெட்டில் பின்னொளியே இல்லாததால் வெறுமையான திரை எதையும் சொல்லாது. அதற்கு ஸ்கேனர்தான் கண். போர்டின் பின்னால் 78 என்று அச்சிட்டிருக்கும், ஸ்கேனரில் 3சி என்று வரும். இரண்டும் ஒரே முகவரிதான், கடைசி பிற்றைச் சேர்த்து எழுதுவதும் விட்டு எழுதுவதுமே வித்தியாசம். புரோகிராமில் 3சி கொடுங்கள். முகவரி கிடைத்தும் திரை கறுப்பு என்றால், வரைந்ததைத் திரைக்கு அனுப்பும் இறுதிக் கட்டளை விடுபட்டிருக்கும். மணல் தூவியது போன்ற புள்ளிகள் வந்தால், அல்லது படம் இரண்டு புள்ளி பக்கவாட்டில் நகர்ந்து விளிம்பில் கோடு நின்றால், சிப் வேறு. 0.96 அங்குலத்தில் பெரும்பாலும் எஸ்எஸ்டி1306 இருக்கும், 1.3 அங்குலத்தில் பெரும்பாலும் எஸ்எச்1106. இரண்டாவதன் உள் நினைவகம் 132 நிரல் அகலம், திரையோ 128. அந்த இரண்டு புள்ளி நகர்வு அங்கிருந்துதான் வருகிறது.

ஓலெட் வாங்குபவர் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று: முதல் இரண்டு பின்களின் வரிசை. சிலவற்றில் கிரவுண்ட் முதலில், சிலவற்றில் விசிசி முதலில். வெளித்தோற்றம் ஒன்றே. பழைய மொடியூல் இருந்த இடத்தில் புதியதை அப்படியே செருகினால் மின்சாரம் தலைகீழாகப் போய் அந்த இடத்திலேயே கெட்டுவிடும்.

டிஎஃப்டி முழு வெள்ளையாக நின்றால் பின்னொளி மட்டும் எரிகிறது, தொடக்கக் கட்டளை சேரவில்லை. சிஎஸ், டிசி, ரீசெற் என்ற மூன்று சமிக்ஞைப் பின்களையும் புரோகிராமில் எழுதிய எண்களுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நிறம் மாறி, சிவப்பு நீலமாகத் தெரிந்தால் வயரிங்கைத் தொடவே வேண்டாம், லைப்ரரி அமைப்பில் நிற வரிசையை மாற்றினால் போதும்.

நினைவகம், திரை மின்னுதல், மீதி நிற்கும் எண்

ஊனோவின் சிப்பில் 2048 பைற் நினைவகம். 128 க்கு 64 ஓலெட்டின் முழுப் படத்துக்கு 1024 பைற் வேண்டும், அதாவது பாதி. உணரி லைப்ரரிகளும் சேர்ந்தால் மீதியும் போய்விடும். புரோகிராம் பிழையின்றி ஏறும், ஓடும்போது மௌனமாக நின்றுவிடும். யூ8ஜி2 லைப்ரரியில் திரையைத் துண்டு துண்டாக வரையும் முறை உண்டு, 128 பைற்றில் வேலை முடியும். வண்ணத் திரை என்றால் கணக்கு வேறு: 240 க்கு 320 புள்ளி, புள்ளிக்கு 2 பைற், மொத்தம் 1,53,600 பைற். ஊனோ அதை வைத்திருக்கவே முடியாது. 8 மெகாஹேர்ட்ஸில் ஒரு முழுத் திரையை அனுப்பவே 0.15 விநாடி எடுக்கும். முழுத் திரையையும் அழித்து எழுதும் புரோகிராம்கள் மின்னுவது இதனால்தான். மாறும் எண்ணின் இடத்தை மட்டும் பின்புல நிறத்துடன் சேர்த்து மேலெழுதுங்கள்.

எல்சிடியில் இதே பிரச்சினை வேறு உருவில் வரும். 100 காட்டிய இடத்தில் 99 எழுதினால் பழைய சுழியம் அழியாமல் நின்று 990 ஆகும். எண்ணை எப்போதும் ஒரே அகலத்துக்கு, முன்னால் வெற்றிடம் நிரப்பி எழுதினால் தீரும்.

விற்பனைக்கான கருவியில் இதைவிட முக்கியமானது பொய்யான எண். டிஎஸ்18பி20 மின்சாரம் கிடைத்தவுடன், அளப்பதற்கு முன் வாசித்தால் 85 பாகை என்று சொல்லும். 12 பிற் நுணுக்கத்தில் அளந்து முடிக்க அதற்கு 0.75 விநாடி வேண்டும். வயர் அறுந்தால் அதன் வழக்கமான லைப்ரரி -127 என்று தரும். இந்த இரண்டையும் கதவில் காட்டக்கூடாது, நாலு கோடுகள் காட்டுங்கள். எண் உறைந்து போவது இன்னும் மோசம்: புரோகிராம் நின்றிருக்கும், திரையில் நேற்றைய 31 அப்படியே இருக்கும், களஞ்சியக்காரர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். நடுப் புள்ளியை விநாடிக்கு ஒரு தடவை மின்ன விடுங்கள், புரோகிராம் நின்றால் போர்டை மீளத் தொடக்கும் வொச்டோக்கையும் இயக்குங்கள். நாலு மொடியூல்களைவிட இந்த ஒரு புள்ளி பெறுமதியானது.

ஒரு நேர்மையும் வேண்டும். எஸ்எச்டி31 காட்டுவது காற்றின் ஈரப்பதம். நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லை வாங்கும்போது கேட்கும் 14 சதவீதம் நெல்மணிக்குள் இருக்கும் ஈரம். இரண்டும் ஒன்றல்ல. பெட்டியில் "காற்றின் ஈரப்பதம்" என்று தெளிவாக எழுதாவிட்டால் இந்த எண்ணை வைத்து யாரோ விலை பேசுவார்.

தமிழில் காட்டுவது

எழுத்து எல்சிடிக்குள் தமிழ் இல்லை. புதிதாக வரையக் கிடைப்பது 8 எழுத்துக்கு மட்டும், ஒவ்வொன்றும் 5 க்கு 8 புள்ளி. "ண", "ஐ" இரண்டும் அதற்குள் அடங்காது. புள்ளி வரையும் திரைகளிலும் சிக்கல் உண்டு. "வெ" என்று எழுதினால் சேமிப்பில் மெய் முதலில், கொம்பு பிறகு வரும், திரையில் கொம்பு முன்னால் நிற்க வேண்டும். "கொ" என்பதில் குறி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் போகும். கணினியிலும் தொலைபேசியிலும் இந்த அடுக்கலைச் செய்யும் மென்பொருள் இருக்கிறது, மைக்ரோகொன்ட்ரோலரின் வரைகலை லைப்ரரிகளில் அது இல்லை. எழுத்துருவை மட்டும் ஏற்றினால் உடைந்த தமிழ்தான் வரும்.

வழி இருக்கிறது. மாறாத சொற்களை, "வெப்பநிலை", "எச்சரிக்கை" போன்றவற்றை, கணினியில் நல்ல எழுத்துருவில் எழுதி, ஒரு பிற் படமாக மாற்றிப் புரோகிராமுடன் சேர்த்துவிடலாம். 128 க்கு 16 புள்ளிப் படம் 256 பைற்தான். உயரம் 16 க்குக் குறைந்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும், 20 அல்லது 24 வசதி. எண்களைச் சாதாரண முறையில் எழுதுங்கள்.

ஆனால் அம்பாறை மாவட்டத்தில் விற்கப் போகும் கருவி என்றால் எமது தீர்ப்பு வேறு. கரையோரத்தில் தமிழில் வாசிப்பார்கள், அம்பாறை நகர்ப் பக்கம் சிங்களத்தில் வாசிப்பார்கள். சொற்களைப் பெட்டியின் முகப்பில் இரு மொழியிலும் அச்சிட்டு, திரையில் எண்ணை மட்டும் விடுங்கள். மலிவு, பெரிய எழுத்து, மென்பொருளில் ஒரு சுமையும் இல்லை.

பெட்டிக்குள் போகும்போது

பிரெட்போர்டில் (சோல்டர் இல்லாமல் வயர் செருகும் பலகையில்) ஓடியது பெட்டிக்குள் போனதும் நிற்பதற்கு முதற் காரணம் ஜம்பர் வயர்கள். டொட் போர்டில் சோல்டர் பிடித்து, டிஸ்பிளேக்குப் பூட்டுள்ள ஜேஎஸ்டி இணைப்பிகளைப் போடுங்கள். அவை தலைகீழாக ஏறாது. டிஸ்பிளே வயரை அரை மீற்றருக்குள் வைத்திருங்கள். ஐ-டூ-சி வயரில் சேரும் கொள்ளளவம் 400 பிக்கோபரட்டைத் தாண்டக்கூடாது, நீள வயர் அதை விரைவில் தின்றுவிடும். அடுக்கு 10 மீற்றர் தள்ளி இருந்தால் டிஸ்பிளேயை அல்ல, வெப்பநிலை உணரியின் வயரை நீட்டுங்கள். அது அந்தத் தூரத்தைத் தாங்கும்.

எங்கள் கிழக்குக் கரையில் காற்று உப்பு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே, கல்லடியிலும் காத்தான்குடியிலும், திறந்த செப்புப் பின்கள் விரைவில் பச்சை பிடிக்கும். வாடைக் காலத்து ஈரத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். சோதனை முடிந்த போர்டின் மேல் பாதுகாப்புப் பூச்சு ஒன்றைத் தெளியுங்கள், ஆனால் ஈரப்பத உணரியின் துளையையும் இணைப்பிகளின் வாயையும் முதலில் நாடாவால் மூடிவிடுங்கள். உணரியில் பூச்சு பட்டால் அது அத்துடன் சரி. டிஸ்பிளேயின் முன்னால் 2 மில்லிமீற்றர் சிவப்பு அக்ரிலிக் தகடு வையுங்கள். நெல் தூசும் உள்ளே போகாது, எரியாத துண்டுகளும் மறைந்து எண் தெளிவாகத் தெரியும். பெட்டியைத் தாழ்வாரத்தின் நிழலில், மேற்கு வெயில் படாத பக்கம் மாட்டுங்கள். எல்சிடி பாவிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: சூடேறினால் திரை முழுவதும் கறுத்துவிடும், ஆறியதும் திரும்பும். கொன்ட்ராஸ்டைக் காலைக் குளிரில் அல்ல, மத்தியானச் சூட்டில் சரிபாருங்கள்.

பெட்டியில் துளை வெட்டுவதை டிஸ்பிளே கைக்கு வந்த பிறகே செய்யுங்கள். ஒரே பெயரில் விற்கப்படும் மொடியூல்களில்கூடத் திருகாணித் துளைகளின் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மாறும். ஓலெட்டின் கண்ணாடி போர்டின் விளிம்புவரை வருவதால், துளை ஒத்துவராத இடத்தில் இறுக்கினால் மூலை வெடிக்கும். ஐந்து மாதிரிக் கருவி செய்யப் போகிறீர்கள் என்றால் ஐந்துக்கும், மேலதிகமாக இரண்டுக்கும், டிஸ்பிளேக்களை ஒரே கடையில் ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த தடவை கடையின் விளம்பரப் படம் அதுவாகவே இருந்தாலும் வேறு சிப் வரலாம். அந்த நாளுக்காக, திரையில் எழுதும் வரிகள் எல்லாவற்றையும் புரோகிராமின் தனிக் கோப்பு ஒன்றுக்குள் வைத்து, மற்றப் பகுதிகள் "இந்த எண்ணைக் காட்டு" என்று மட்டும் அதனிடம் கேட்கும்படி எழுதுங்கள். சிப் மாறினால் அந்த ஒரு கோப்பு மட்டும் மாறும்.